கிங் ஜில்லெட்டும் சவரக் கத்தியும்

உலகில் அச்சேறிய மனித முகங்களுள் மிகப் பலருடைய கைகளில் வழங்கியவை எவையென்று ஆராய்வோமாயின், நாணயங்களிலும் தபால் தலைகளிலும் காணப்பெறும் வேந்தர் முகங்களே முதலில் நினைவுக்கு வரும். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க முகம் மற்றொன்றும் உண்டு. சிறியதொரு காகித உறையின்மேல் பல்லாண்டுகள் அச்சிடப்பெற்று, கப்பலேறி நாடுதோறும் சென்று, வீடுதோறும் கண்ணாடியின் அருகே கிடந்த அம்முகம் கிங் காம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கருடையது. உலகத்து ஆடவர்க்குத் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளும் வழியை எளிதாக்கிய அவர், தம் மீசையை மட்டும் அடர்ந்து வளரவிட்டிருந்தார் என்பதை அவ்வுறையைக் கண்டவர் அறிவர். கிங் என்பது அவர் பெற்ற பட்டமன்று; தந்தையார் தம் நண்பர் ஒருவரின் பெயரை மைந்தனுக்கு இட்டதனால் வந்தது. காம்ப் என்பது அன்னையாரின் குடிப்பெயர்.

அவர் செய்த காரியத்தின் பெருமையும் எல்லையும் விளங்கவேண்டுமாயின், அவருக்கு முன் மேனாட்டில் சவரம் எவ்வாறு நடைபெற்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அக்காலத்துக் கத்தி மடக்குக் கத்தியே. இங்கிலாந்தில் ஷெபீல்டு, ஜெர்மனியில் ஸோலிங்கன் ஆகிய நகரங்கள் அதற்குப் பேர்போனவை. நல்ல எஃகினால் அடித்து, முதுகு தடித்திருக்க, இருபுறமும் குழிவாகத் தேய்த்து, விளிம்பை மிக மெல்லியதாக்கி, கொம்பு அல்லது தந்தப் பிடிக்குள் மடங்கும்படி அமைப்பார்கள். பேணத் தெரிந்தவனிடத்தில் அக்கத்தி ஆயுள் முழுவதும் உழைக்கும். தந்தைக்குப் பின் மகனுக்கும் உதவும். ஆனால் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னரும் அதைத் தோல்வாரில் முன்னும் பின்னுமாகப் பலமுறை இழுத்து விளிம்பை நேராக்க வேண்டும். சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் தோல்வாரும் பயன்படாது. தீட்டுக்கல்லில் வைத்துக் கூராக்க வேண்டும். அவ்வித்தை எல்லார்க்கும் கைவருவதன்று. ஆதலால் பெரும்பாலோர் கத்தியை நாவிதரிடமோ கொல்லரிடமோ கொடுத்துத் தீட்டி வாங்கினர்; அல்லது சவரத்தையே நாவிதரிடம் விட்டுவிட்டு, வாரத்தில் ஓரிருமுறை அவர் கடைக்குச் சென்றனர்.

தீட்டுவதினும் கடினமானது பிடிப்பது. மடக்குக் கத்தியைத் தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் நிறுத்தி, மற்றைக் கையால் தோலை இழுத்துப் பிடித்து, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். சாய்வு குறைந்தால் மயிர் அறுபடாது இழுபடும். மிகுந்தால் தோல் அறுபடும். பிறர் முகத்துக்கு இதைச் செய்யும் நாவிதர் தாம் விரும்பிய பக்கத்தில் நின்றுகொள்ளலாம். தன் முகத்துக்குத் தானே செய்பவனோ, இடவலம் மாறித் தோன்றும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ஒரு கன்னத்துக்கு வலக்கையும் மறு கன்னத்துக்கு இடக்கையுமாக மாற்றிப் பிடித்து, மோவாயின் வளைவிலும் மூக்கின் அடியிலும் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். ஓடும் இரயிலிலோ ஆடும் கப்பலிலோ இதைச் செய்யத் துணிந்தவர் சிலரே.

இத்துன்பத்தைக் குறைக்கும் முயற்சியை முதன்முதல் தொடங்கியவர் ஜில்லெட் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரத்துக் கத்திக்கொல்லராகிய ழான் ழாக் பெரே என்பவர், தச்சனின் இழைப்புளியில் உளியின் நுனி மட்டும் வெளியே நீண்டிருப்பதைக் கண்டு, கத்தியின் விளிம்பைச் சிறிதளவே வெளியே காட்டும் மரக்காப்பு ஒன்றைச் செய்தார். 1847-இல் ஹென்ஸன் என்னும் ஆங்கிலேயர், மண்வெட்டியைப்போலப் பிடிக்குக் குறுக்காக அலகு நிற்கும் கருவியை அமைத்தார். 1880-இல் நியூயார்க்கில் காம்ப்பே சகோதரர்கள் காப்புச் சட்டமுடைய ஸேப்டி ரேஸர் ஒன்றுக்குத் தனியுரிமை பெற்றார்கள். முகத்தை அறுத்துக்கொள்ளும் அச்சம் இவற்றால் ஒருவாறு நீங்கிற்று. ஆயினும் இவற்றுள் வைத்த அலகு பழைய கத்தியின் துண்டைப்போன்ற தடித்த எஃகே. அதைத் தோல்வாரில் தேய்க்கவும் கல்லில் தீட்டவும் வேண்டியிருந்தது. கையின் பயம் போயிற்றேயன்றிக் கல்லின் தொல்லை போகவில்லை.

ஜில்லெட் 1855-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ஆம் நாள் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த பாண்டுலாக் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் குழவியாயிருந்தபோதே குடும்பம் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் புதுக்கருவிகளைச் செய்து பார்ப்பதில் ஓயாத ஆர்வமுடையவர். பிள்ளைகளையும் அவ்வழியிலேயே பழக்கினார். அன்னையார் பானி ஜில்லெட் 1887-இல் வெளிவந்த பெயர்பெற்றதொரு சமையல் நூலின் ஆசிரியர். 1871-இல் சிக்காகோவை அழித்த பெருந்தீ அக்குடும்பத்தின் உடைமைகளையும் விழுங்கிவிட்டது. பதினாறு வயதினராகிய கிங் பொருளீட்டும் கடமையை மேற்கொண்டார். சிலகாலத்தில் ஊரூராய்ச் சென்று சரக்கு விற்கும் முகவரானார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இரயில் வண்டிகளிலும் விடுதிகளிலும் காலம் கழிந்தது. இடையிடையே சிறு பொருள்கள் சிலவற்றைப் புதிதாகக் கண்டு தனியுரிமையும் பெற்றார். அவற்றால் பிறர் ஆதாயம் அடைந்தனர். அவர் கைக்கு யாதும் வந்து நிற்கவில்லை.

இவ்வலைச்சலின் நடுவே அவர் உள்ளத்தை ஆண்டது சவரமன்று, சமுதாயம். 1894-இல் மனித குலத்தின் போக்கைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வணிகப் போட்டியே உலகத் துன்பங்கள் அனைத்துக்கும் வேர் என்பது அந்நூலின் துணிபு. ஒரே பண்டத்தை நூறு கம்பெனிகள் செய்வதும், அவற்றை விற்க ஆயிரம் முகவர்கள் ஓடித் திரிவதும் வீண் செலவென்றார். ஓடித் திரிந்தவரே சொன்னமையால் அதிற் கசப்பும் உண்மையும் கலந்திருந்தன. மக்கள் யாவரும் பங்காளிகளாயுள்ள ஒரே பெருங்கம்பெனி எல்லாத் தொழில்களையும் நடத்தல் வேண்டும்; நாட்டு மக்களிற் பெரும்பாலோர் நயாகரா நீர்வீழ்ச்சியின் அருகே, 135 மைல் நீளமும் 45 மைல் அகலமுமுள்ள ஒரே மாநகரில் வாழ்தல் வேண்டும்; நீர்வீழ்ச்சியின் ஆற்றலால் விளக்குகளும் யந்திரங்களும் இயங்குதல் வேண்டும்; இவ்வாறெல்லாம் கற்பனை செய்து, கட்டிடங்களுக்குப் படமும் வரைந்து வைத்தார். நூலைப் படித்தவர் சிலர், பின்பற்றினார் எவருமிலர்.

அக்காலத்தில் அவர் புட்டிகளுக்கு உலோக மூடி செய்யும் கம்பெனி ஒன்றின் முகவராக இருந்தார். நாம் ஸோடாப் புட்டிகளிற் காணும் நெளிவிளிம்புத் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் என்பவரே அதன் தலைவர். ஒருமுறை பயன்படுத்தியபின் எறியப்படுவதே அம்மூடியின் செல்வ இரகசியம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அத்தகைய பொருள் ஒன்றைத் தேடும்படி ஜில்லெட்டுக்கும் யோசனை கூறினார். ஜில்லெட் அதை விடாது பற்றிக்கொண்டார். அகரம் முதலாகப் பொருள்களின் பெயர்களை வரிசையாக நினைத்து, எறியத்தக்கது எதுவென்று நெடுநாள் தேடினார் என்பர். வீண் செலவை ஒழிக்க நூல் எழுதியவர், எறிவதற்கென்றே ஒரு பொருளைத் தேடி அலைந்தார் என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக. இம்முரண்பாடு அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது. அதை அவர் ஒரு குறையாகக் கருதியதாகவும் தெரியவில்லை.

1895-இல் ஒருநாட் காலை, பாஸ்டன் நகரையடுத்த புரூக்லைனில் தம் வீட்டிற் சவரம் செய்ய முனைந்தபோது, கத்தி தோல்வாரால் சீர்ப்படாத அளவு மழுங்கியிருக்கக் கண்டார். அப்பொழுதே அவருக்கு எண்ணம் பிறந்தது. சவரத்துக்கு வேண்டுவது விளிம்பு ஒன்றே, அவ்விளிம்பைத் தாங்குவதற்காகவே இத்தனை எஃகையும் அடித்துக் குழித்துச் சுமக்கிறோம், தாங்கும் வேலையைப் பிடியிடம் விட்டுவிட்டால் விளிம்பு காகிதம்போல் மெல்லிய தகடாயிருக்கலாம், தகடு மலிவாயின் மழுங்கியதும் எறியலாம், தீட்டுக்கல்லே வேண்டுவதில்லை. உடனே கடைக்குச் சென்று பித்தளைத் துண்டுகளும், கடிகாரச் சுருளுக்குரிய எஃகு நாடாவும், அரமும், சிறு பற்றுக்கருவியும் வாங்கிவந்து மாதிரி ஒன்று செய்யத் தொடங்கினார். வெளியூர் சென்றிருந்த மனைவியார்க்குத் தம் குடும்பத்தின் வறுமை தீர்ந்ததென்று கடிதமும் எழுதிவிட்டார்.

தீர்வதற்கு ஆண்டுகள் பல சென்றன. எண்ணம் எளிது, எஃகு பணிய மறுத்தது. கூர்விளிம்பு நிற்கவேண்டுமாயின் எஃகைக் காய்ச்சித் தோய்த்து உரமேற்ற வேண்டும். தடித்த கத்தி அதைத் தாங்கும். மெல்லிய தகடோ சூட்டில் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். உலோக நூல் வல்லோர் இது ஆகாத காரியமென்று கைவிரித்தனர். தாம் பொறியியற் கல்லூரியிற் பயின்றிருந்தால் முயற்சியை அன்றே கைவிட்டிருப்பார் என்னும் கருத்துப்பட ஜில்லெட் பிற்காலத்திற் கூறியதுண்டு. நண்பர்கள் அவருடைய கத்தியைப் பரிகாசத்துக்குரிய பொருளாக்கினர்.

அவரைக் காத்தது கல்லூரியிற் பயின்ற ஒருவரின் அறிவே. 1901-இல் வில்லியம் நிக்கர்ஸன் என்னும் இயந்திர வல்லுநர் வந்து சேர்ந்தார். மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கற்றவர். முன்னரே இயந்திரங்கள் சிலவற்றைக் கண்டவர். முதலில் இவ்வேலைக்கு இசையத் தயங்கியவர். மெல்லிய தகட்டை நெளியாமல் உரமேற்றும் முறையையும், தகடுகளைத் தாமே கூராக்கும் இயந்திரங்களையும் அமைத்தவர் இவரே. உலகம் ஜில்லெட்டின் பெயரை மட்டும் அறிந்து நிக்கர்ஸனை மறந்தது நீதியன்று. ஆயினும் அவருடைய பெயரின் முற்பகுதிக்கு ஆங்கிலத்திற் சிறுகீறல் என்று பொருள். சவரக் கருவியின்மேல் அப்பெயரைப் பொறித்து விற்க எந்த வணிகனும் துணியான்.

1901-இல் கம்பெனி ஏற்பட்டது. மறு ஆண்டு ஜில்லெட்டின் பெயரைப் பெற்றது. விற்பனை தொடங்கிய 1903-இல் விலைபோன கருவிகள் 51, பிளேடுகள் 168. கடனும் மிகுந்தது. ஜான் ஜாய்ஸ் என்னும் பாஸ்டன் செல்வர் பணமளித்துக் கம்பெனியைக் காத்தார். கட்டுப்பாட்டையும் தாமே எடுத்துக்கொண்டார். ஜில்லெட் குடும்பத்தைக் காக்கும்பொருட்டுப் பழைய மூடிக் கம்பெனியின் ஊழியத்தை விடாது லண்டனுக்குச் செல்லவேண்டியவராயினார். அடுத்த ஆண்டு 90,000-க்கு மேற்பட்ட கருவிகள் விற்றன. 1904 நவம்பர் 15-ஆம் நாள் தனியுரிமைப் பத்திரமும் கிடைத்தது. அதன்பின் அவர் மூடி விற்கவில்லை.

இனி, இரண்டனுள் எது முகத்துக்குச் சுகம் தருவது என்னும் வினாவுக்கு வருவோம். புதியது வந்ததனால் பழையது தோற்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. தேர்ந்த கையிலுள்ள மடக்குக் கத்தி, வெந்நீராலும் நுரையாலும் நனைந்து மெத்தென்ற மயிரை ஒரே ஓட்டத்தில் தோலோடு ஒட்ட மழித்துவிடும். அலகுக்கும் தோலுக்கும் இடையே யாதொரு தடையும் இல்லை. தடித்த முதுகுடைய கத்தி தன் கனத்தாலேயே வேலை செய்வதால் கை அழுத்துவதில்லை. அழுத்தாமையால் எரிச்சலும் குறைவு. நல்ல நாவிதரிடம் சவரம் செய்துகொண்டவர் அந்த வழவழப்பை எளிதில் மறவார்.

ஜில்லெட்டின் கருவியில் நிகழ்வது வேறு. இருபுறமும் கூருடைய தகட்டை அடித்தட்டின்மேல் வைத்து மூடியைத் திருகினால், தகடு வில்லைப்போல் வளைந்து விறைக்கிறது. தனியே நடுங்கும் மெல்லிய தகடு வளைந்தவுடன் உறுதி பெறுவதே அவ்வமைப்பின் சாமர்த்தியம். எவ்வளவு விளிம்பு வெளியே தெரிய வேண்டும், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பவற்றை மூடியும் அடித்தட்டும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. சீப்புப் பற்களைப்போன்ற காப்பு அலகுக்கு முன்னே சென்று தோலைச் சமன்படுத்துகிறது. பழைய நாளில் நாவிதர் ஆண்டுக்கணக்கிற் பழகிப் பெற்ற சாய்வறிவு இப்பொழுது தொழிற்சாலையிலேயே உலோகத்தில் அமைக்கப்பட்டு வந்துவிட்டது. பழகாதவன் கையிலும் படுகாயம் நேராது. ஒரு கையே போதும். கையை மாற்ற வேண்டுவதில்லை. காலைமணி அடித்தபின் எழுந்து வகுப்புக்கு விரையும் மாணவனுக்கு இதனினும் உற்ற நண்பன் யார்?

ஆனால் ஒவ்வொரு நலனுக்கும் விலையுண்டு. கருவியின் கனம் குறைவாதலால் கை தானே அழுத்த முற்படும். அழுத்தினாற் காப்பிருந்தும் தோல் சிவந்து எரியும். பழைய எஃகுப் பிளேடு துடையாது வைத்தால் துருவேறும். சில நாளில் மழுங்கும். மழுங்கியதை எறிய மனமின்றி மறுபடியும் ஓட்டுபவன் படும் துன்பம் மடக்குக் கத்தியின் துன்பத்துக்குக் குறைந்ததன்று. துருப்பிடியாத எஃகுப் பிளேடுகள் 1960-களிலேதான் பரவின. ஆகவே மிகச்சிறந்த சவரத்தை நோக்கினால் மடக்குக் கத்திக்கு இன்றும் வழக்கறிஞர் உண்டு. நாள்தோறும், எவர் கையாலும், எவ்விடத்திலும் கிடைக்கும் நடுத்தரமான நல்ல சவரத்தை நோக்கினால் ஜில்லெட்டுக்கு நிகரில்லை. அவர் கூட்டியது சவரத்தின் உயர்வை அன்று, அதன் பரப்பை. அமெரிக்க ஆடவர் நாவிதர் கடையில் வாரம் ஒருமுறை காத்திருந்த வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. அக்கடைகளின் வருவாயும் அங்கே நடந்த ஊர்ப்பேச்சும் உடன் குறைந்தன.

தொடக்கத்தில் கருவியின் விலை 5 டாலர். அக்காலத்துத் தொழிலாளி பலநாள் உழைத்துப் பெறும் கூலி. பிடியை இலவசமாகக் கொடுத்துப் பிளேடை விற்றே அவர் செல்வரானார் என்று வணிக நூல்களில் வழங்கும் கதை, தனியுரிமை நிலவிய காலத்துக்குப் பொருந்துவதன்று. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசாங்கம் ஏறக்குறைய 35 லட்சம் கருவிகளையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் தன் படைவீரர்க்கு வாங்கி அளித்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் கொண்டு திரும்பினார்கள். 1921-இல் தனியுரிமை முடியும் தறுவாயிலேதான் கம்பெனியார் பழைய மாதிரியை ஒரு டாலருக்கு இறக்கினர்.

இதற்குள் ஜில்லெட் தம் கம்பெனியிற் பெயரளவிலேயே தலைவராயிருந்தார். ஜாய்ஸோடு நெடுநாள் நடந்த பூசலின் முடிவில், 1910-ஐ ஒட்டித் தம் பங்குகளிற் பெரும்பகுதியை அவருக்கே விற்றுவிட்டார். பெருஞ்செல்வரானபின்னும் பழைய கனவு அவரை விடவில்லை. அதே ஆண்டில் உலகக் கம்பெனி ஒன்றை ஏற்படுத்த முனைந்து, ஜனாதிபதி பதவியிலிருந்து விலகியிருந்த தியோடோர் ரூஸ்வெல்ட்டை 10 லட்சம் டாலர் ஊதியத்துடன் அதன் தலைமையை ஏற்குமாறு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். 1924-இல் நாவலாசிரியர் அப்டன் ஸிங்க்ளேரின் உதவியோடு அதே கருத்தைப்பற்றி மற்றொரு நூலும் வெளியிட்டார். போட்டியை ஒழிக்க வேண்டுமென்று அவர் எழுதிக்கொண்டிருக்கையில், அவர் பெயரைத் தாங்கிய கம்பெனி போட்டியாளரை வழக்கு மன்றங்களிலும் சந்தைகளிலும் வென்று கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மனிதருடைய உழைப்பின் பயன்கள்.

முதுமையிற் கலிபோர்னியாவிற் குடியேறி, கலபாஸாஸ் என்னுமிடத்தில் நிலம் வாங்கி அழகிய மாளிகை ஒன்று கட்டுவித்தார். 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. மறு ஆண்டு ஆட்டோஸ்ட்ராப் என்னும் போட்டிக் கம்பெனியோடு இணைப்பு நிகழ்ந்தபோது, ஜில்லெட் கம்பெனியின் கணக்கில் ஆதாயம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தமை வெளிப்பட்டுப் பங்கு விலை மேலும் வீழ்ந்தது. 1931-இல் அவர் தலைமையை விட்டு விலகினார். செல்வத்தின் பெரும்பகுதியை இழந்த நிலையில் 1932 ஜூலை 9-ஆம் நாள் காலமானார். மாளிகை நின்ற நிலம் பலர் கைமாறி, இப்பொழுது பொதுமக்கள் உலாவும் பூங்காவாக இருக்கிறது.

அவர் நிறுவிய கம்பெனி 1971-இல் இரட்டை அலகையும், 1998-இல் மூன்றலகையும், 2006-இல் ஐந்தலகையும் வெளியிட்டது. 2005-இல் ஏறக்குறைய 5,700 கோடி டாலருக்கு மற்றொரு பெருங்கம்பெனியின் உடைமையாயிற்று. பல அலகுகள் மயிரைத் தோலின் மட்டத்துக்கும் கீழே அறுத்துவிடுவதால், சுருண்ட மயிருடையார்க்கு அது உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் உண்டாதலும் உண்டு. அத்தகையார்க்கு ஒற்றை அலகே நன்றென்று மருத்துவர் பலர் கூறுவர்.

நம் நாட்டுச் சவரத் தொழிலாளர் இவ்வழக்கைத் தம் வழியிலேயே தீர்த்துக்கொண்டனர். இன்று நம்மூர்க் கடைகளில் அவர் கையிலிருக்கும் கருவி, தோற்றத்தில் பழைய மடக்குக் கத்தியே. பிடிப்பதும் பழைய முறையே. சாய்வறிவும் கையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குத் தனக்கென்று அலகில்லை. ஜில்லெட் கண்ட முறையில் அமைந்த இருமுனைப் பிளேடு ஒன்றை உறையோடு நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை அதன் வாயிற் செருகி, நம் முகத்தை மழித்துவிட்டு, நாம் நாற்காலியை விட்டு எழுந்ததும் அதைக் கழற்றி எறிகிறார். மற்றைப் பாதி அடுத்து அமர்பவருக்காகக் காகிதத்துள் காத்திருக்கிறது.